அரைச் சம்பளத்தில் ஓடிய கல்லூரிகள்

சுயநிதிக் கல்லூரிகளில் கட்டண பாக்கி வசூலாவதற்கென்று ஒரு வாரம் உண்டு. பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரம் அது. அதுவரை ‘அடுத்த வாரம் அப்பா கட்டிடுவார் சார்’ என்று தள்ளிக்கொண்டே வந்த மாணவர், நோ டியூஸ் படிவத்தைக் கையில் பிடித்தபடி நூலகம், ஆய்வகம், விடுதி, பேருந்துப் பிரிவு என ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடைசியில் அலுவலகக் கவுண்டருக்கு வந்து நிற்பார். வீட்டில் நகை அடகுக்குப் போவதும், சீட்டைத் தள்ளி எடுப்பதும், கைமாற்று கேட்பதும் அந்த நாட்களில்தான். ஏப்ரல்–மே தேர்வையொட்டி வரும் இந்தப் பணத்தை நம்பித்தான் பல சிறிய கல்லூரிகள் கோடைக்காலச் சம்பளத்தைக் கொடுத்துவந்தன. 2020இல் அந்த வாரம் வரவே இல்லை.

தமிழ்நாட்டில் மார்ச் 17 முதல் கல்லூரிகள் மூடப்பட்டன. 24ஆம் தேதி மாலை மாநிலத்தில் 144 தடை, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் தேர்வு நடக்கவில்லை. ஜூலை 23 அன்று, இறுதியாண்டு தவிர மற்ற ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வு ரத்து என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஆகஸ்ட் 26இல் அரியர் தேர்வுக்குக் கட்டணம் செலுத்திக் காத்திருந்தவர்களுக்கும், இறுதிப் பருவப் பாடங்கள் நீங்கலாக, விலக்கு வந்தது. கல்வித் தரம் என்னாவது என்று அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். கல்லூரி அலுவலகங்களில் இருந்த கவலையே வேறு. தேர்வு இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் இல்லையென்றால் பாக்கியைக் கேட்கப் பிடி இல்லை.

ஹால் டிக்கெட்டை நிறுத்திவைத்துக் கட்டணம் வாங்குவது மாணவரைக் கூனிக்குறுக வைக்கும் வழக்கம். அது ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒரு கல்லூரிக்குள் பணம் எந்த வாசல் வழியாக வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்று பார்க்காமல் பெருந்தொற்றின் பாதிப்பைக் கணக்கிட முடியாது. ‘கல்லூரிகள் எத்தனை கோடி இழந்தன’ என்று கேட்பவர்களுக்கு நிர்வாகங்கள் ஒரு தொகை சொல்லும். பெற்றோர்கள் அதை நம்ப மாட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு கேள்வி. அந்த இழப்பு கடைசியில் யார் கணக்கில் எழுதப்பட்டது?

தமிழ்நாட்டு உயர்கல்வி பெருமளவு தனியார் தோளில் நிற்கிறது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததிலிருந்து தொடங்கிய வளர்ச்சி இது. பெருந்தொற்றுக்கு முந்தைய கல்வியாண்டில், அதாவது 2019–20இல், மாநிலத்தில் 2,610 கல்லூரிகள் இருந்தன. உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 51.4 சதவீதம். இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால், அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகளே மொத்தக் கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பெரும்பகுதியினரை உருவாக்கிய இந்தக் கட்டமைப்புக்கு வருமானம் என்று இருப்பது அநேகமாக ஒன்றே ஒன்று: மாணவர் கட்டும் கட்டணம்.

அந்தக் கட்டணத்திலும் கல்லூரி இஷ்டப்படி கை வைக்க முடியாது. டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாடு, கல்வி லாபத் தொழில் ஆகக் கூடாது; நிறுவனத்தின் வளர்ச்சிக்கான நியாயமான உபரி இருக்கலாம் என்பது. 2005இல் இனாம்தார் வழக்குத் தீர்ப்பும் லாபநோக்கையும் கேபிடேஷன் கட்டணத்தையும் விலக்கியது. தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. பொறியியலுக்கு 2017இல் அது வகுத்தபடி, கலந்தாய்வு வழியாகச் சேரும் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000, 87,000. பெருந்தொற்று வந்தபோது நடைமுறையில் இருந்தவை இந்தத் தொகைகள்தான்.

கணக்கு புரிவதற்காக ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு துறைகள், ஒவ்வொன்றிலும் 60 இடம். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 960 இடங்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பாதிதான் நிரம்புகிறது: 480 பேர். எல்லோரும் கலந்தாய்வில் வந்தவர்கள் என்றால் ஆண்டு வருமானம் 2 கோடியே 40 லட்சம். இவர்களில் பாதிப் பேர் முதல் பட்டதாரி சலுகை பெறுபவர்கள் என்று வைப்போம். ஆளுக்கு 25,000 ரூபாயை அரசு தர வேண்டும். 60 லட்சம் ரூபாய் அரசிடமிருந்து வரவேண்டிய பணம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் இப்படித்தான். அரசுப் பணம் வராமல் போவதில்லை. ஆனால் ஜூலையில் கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கு ஜூலையில் வருவதும் இல்லை. ஆண்டு முடிந்து, சில சமயம் அடுத்த ஆண்டும் பாதி கடந்து வரும் தொகை அது. ஆகவே காகிதத்தில் 2 கோடியே 40 லட்சம் வருமானம் உள்ள கல்லூரிக்குக் கையில் புழங்குவது அதைவிட மிகக் குறைவு. பெருந்தொற்றுக்கு முன்பே நிலைமை இதுதான்.

‘நியாயமான உபரி’ வந்த நல்ல ஆண்டுகளும் இருந்தன. 2000க்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இடங்கள் நிரம்பி வழிந்தன. அந்தப் பணம் எங்கே போனது? எந்த நெடுஞ்சாலையில் போனாலும் கண்ணில் படுகிறது. முகப்பில் தூண்கள் வைத்த நிர்வாகக் கட்டடம், உள்விளையாட்டரங்கம், இரண்டாவது விடுதி, ஐம்பது அறுபது பேருந்துகள். இதில் வெறும் ஆடம்பரம் மட்டும் இல்லை. ஒழுங்கமைப்பு முறையே அப்படித்தான் தூண்டியது. அறக்கட்டளையின் உபரியைப் பங்கு பிரிக்கக் கூடாது. கல்விக்கே செலவிட வேண்டும். ஆய்வுக்கு வரும் குழு சதுர அடியையும் கணினி எண்ணிக்கையையும் அளக்கிறது. எத்தனை மாதச் சம்பளத்துக்கு வங்கியில் வைப்பு இருக்கிறது என்று கேட்பதில்லை. எனவே உபரி, சிமென்ட்டாகவும் கம்பியாகவும் மாறியது. கட்டடத்தை விற்று ஏப்ரல் மாதச் சம்பளம் கொடுக்க முடியாது. அதன்மேல் வாங்கிய கடனுக்குத் தவணைதான் கட்ட முடியும்.

இதற்கிடையில் பொறியியல் சேர்க்கை வேறு சரிந்துகொண்டிருந்தது. பி.வி.ஆர். மோகன் ரெட்டி குழுவின் பரிந்துரையை ஏற்று, 2020–21 முதல் புதிய பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி இல்லை என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) முன்பே முடிவெடுத்திருந்தது. 2018–19இல் ஆசிரியர்–மாணவர் விகிதம் 1:15 என்பதிலிருந்து 1:20 ஆகத் தளர்த்தப்பட்டபோது, நூற்றுக்கணக்கான உதவிப் பேராசிரியர்கள் ஒரே ஆண்டில் ‘கூடுதல்’ ஆனார்கள். நோய் வந்து இடித்தது ஏற்கனவே விரிசல் விட்டிருந்த சுவரை.

2020 ஏப்ரல் 15 அன்று ஏஐசிடிஇ ஒரு சுற்றறிக்கை விட்டது. ஊரடங்கு முடியும்வரை மாணவர்களிடம் கட்டணத்தை வற்புறுத்தக் கூடாது. ஆசிரியர், ஊழியர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். யாரையும் வேலையைவிட்டு அனுப்பக் கூடாது. மூன்றுமே நியாயமான கோரிக்கைகள். மூன்றையும் ஒரே மாதத்தில் நிறைவேற்றப் பணம் எங்கிருந்து வரும் என்பதுபற்றி அதில் ஒரு வழியும் காட்டப்படவில்லை. ஏப்ரல் 20இல் கட்டணம் வசூலிக்கத் தடைவிதித்து மாநில அரசு ஆணை பிறப்பித்தது. தனியார் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு உயர் நீதிமன்றம் சென்றது. ஜூலை 17 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த இடைக்கால உத்தரவுப்படி, முந்தைய ஆண்டுக் கட்டணத்தில் 40 சதவீதத்தை முன்பணமாக ஆகஸ்ட் இறுதிக்குள் வாங்கலாம். நிறுவனம் திறந்து இரண்டு மாதத்துக்குள் மேலும் 35 சதவீதம். பெற்றோரின் நெருக்கடிக்கும் நிறுவனத்தின் செலவுக்கும் இடையில் எட்டப்பட்ட கண்ணியமான உத்தரவு என்றே அதைச் சொல்வேன். ஆனால் ‘திறந்து இரண்டு மாதம்’ என்ற அந்தக் கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. முதுநிலை அறிவியல் இறுதியாண்டுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் டிசம்பர் 2, இளநிலை இறுதியாண்டுக்கு டிசம்பர் 7, மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 என்று படிப்படியாகத் திறந்த கல்லூரிகள், மார்ச்சில் மறுபடி இணையவழிக்குத் திரும்பின. அடுத்துத் திறந்தது செப்டம்பர் 1இல்.

புதிய சேர்க்கையிலும் நிச்சயம் இல்லை. 2020இல் முதலாண்டு வகுப்புகள் நவம்பரில் தொடங்கின. நவம்பர் 30 வரை சேர்க்கையை ரத்து செய்பவருக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும், டிசம்பர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உத்தரவிட்டது. இடம்பெயர்ந்த, வேலையிழந்த குடும்பங்களுக்கு அது அவசியமான பாதுகாப்பு. கல்லூரிக் கணக்காளருக்கோ, டிசம்பர் முடியும்வரை பெட்டியில் உள்ள பணம் தன்னுடையதா என்று தெரியாத நிலை.

செலவு குறையவில்லையா? குறைந்தது. மின்சாரம், டீசல், விடுதி மளிகை, ஆய்வகப் பொருட்கள் எல்லாம் மிச்சம். உச்ச நீதிமன்றமும் 2021 மே 3இல் ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கில், பயன்படுத்தாத வசதிகளுக்காக 15 சதவீதக் கட்டணத்தைக் கழிக்கச் சொன்னபோது இந்த மிச்சத்தைத்தான் காரணம் காட்டியது. கல்லூரியில் விடுதியும் பேருந்தும் தனி வரவுகள். கல்விக் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், பல நிர்வாகங்கள் அந்தப் பற்றாக்குறையைச் சரிக்கட்டியது இந்த இரண்டு வரவுகளிலிருந்துதான். அவை ஒரே நாளில் பூஜ்யமாயின. வரிசையாக நிறுத்திய மஞ்சள் பேருந்துகளுக்கு பேட்டரி இறங்கியது, டயர் வெடிப்பு விட்டது, காப்பீடும் வங்கித் தவணையும் ஓடிக்கொண்டிருந்தன. தகுதிச் சான்றுகளின் செல்லுபடியை மத்திய அரசு அடுத்தடுத்து 2021 அக்டோபர் இறுதிவரை நீட்டித்தது ஒரு சிறு ஆறுதல். ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க அனுமதித்தது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

ஆக, ஒத்திவைக்க முடிந்தவை எல்லாம் ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைக்க முடியாதவற்றில் மிகப் பெரியது சம்பளம். அதைத்தான் நிர்வாகங்கள் வெட்டின.

அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் துறை அறையை நினைத்துப் பாருங்கள். காலை ஷிப்ட் அரசு உதவியில் நடக்கும், பிற்பகல் ஷிப்ட் சுயநிதி. இரு ஷிப்ட் ஆசிரியர்களுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே விடைத்தாள் கட்டு. அலமாரியின் சாவிகூட ஒன்றுதான். ஊரடங்கில் அரசு ஊதியம் பெறும் பேராசிரியருக்கு அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது, ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்வது நிறுத்தப்பட்டது. மாதச் சம்பளம் வந்தது. அடுத்த மேசைக்காரருக்குத் துறைத் தலைவரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது: இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் நிர்வாகம் கூடிப் பேசும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் பாதி, முப்பது சதவீதம், பிறகு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒன்றுமில்லை. எழுத்தில் உத்தரவு எதுவும் இராது. ‘விருப்பப்பட்டு விடுப்பில் செல்கிறேன்’ என்று கடிதம் மட்டும் எழுதி வாங்கிய இடங்கள் உண்டு. முறுக்கு சுட்டு விற்ற, கட்டட வேலைக்குப் போன, நூறு நாள் வேலையில் சேர்ந்த எம்.இ., எம்.ஃபில். பட்டதாரிகளைப் பற்றிய செய்திகள் அந்த ஆண்டு நாளிதழ்களில் வாரம் தவறாமல் வந்தன.

சம்பளம் குறைந்தபோது வேலை கூடியது. வீட்டுச் சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி, புத்தக அடுக்கில் போனைச் சாய்த்து, சொந்த டேட்டாவில் தெர்மோடைனமிக்ஸ் நடத்தினார்கள். கரும்பலகை, மின்விசிறி, இணைய இணைப்பு என்று கல்லூரி செய்ய வேண்டிய செலவு ஆசிரியரின் வீட்டு பட்ஜெட்டுக்குள் நுழைந்தது. மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசு இலவசமாகத் தந்தது; நல்ல திட்டம். பாடம் நடத்தியவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு கோடையில் சேர்க்கை வேட்டை. ஆளுக்கு இத்தனை மாணவர் என்று இலக்கு. பிளஸ் டூ முடித்தவர்களின் எண்களை வைத்துக்கொண்டு காலை முதல் மாலைவரை போன் செய்ய வேண்டும். இலக்கை எட்டினால்தான் நிலுவைச் சம்பளம் என்று சொன்ன நிர்வாகங்களும் இருந்தன.

ஏஐசிடிஇ ஊதிய விகிதப்படி ஓர் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். சிறு நகரக் கல்லூரிகளில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்தப் பாதியிலும் பாதியைத்தான் 2020 எடுத்துக்கொண்டது. ஐந்நூறு ஆசிரியர்கள் கொண்ட ஒரு குழுமத்தில் ஆளுக்கு 25,000 சம்பளம் என்றால் மாதம் 1 கோடியே 25 லட்சம். ஆறு மாதம் அரைச் சம்பளம் கொடுத்தால் நிர்வாகத்துக்குக் கிடைப்பது 3 கோடியே 75 லட்சம் ரூபாய். வட்டியும் அடமானமும் கையெழுத்தும் இல்லாமல் கிடைத்த கடன். பெரும்பாலும் திரும்பச் செலுத்தப்படாத கடன். கல்லூரிகள் வங்கியில் வைத்திருக்க வேண்டிய சேமநிதியை, தங்கள் ஆசிரியர்களின் வீட்டு அரிசிப் பானையிலிருந்து எடுத்தன என்பதுதான் இந்தப் பெருந்தொற்றின் உண்மையான வரவு–செலவு.

சட்டம் எங்கே போனது என்ற கேள்வி எழும். ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்று 1988இலேயே சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின் வாசல் மூடியிருந்தது. பணி நியமன ஆணையே இல்லாதவர், பாதிச் சம்பளத்தை ரொக்கமாக வாங்கியவர், அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் விட்டுவைத்தவர் எதைக் காட்டி வழக்குப் போடுவார்? சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ விதி இருக்கிறது. அதை மீறுவதாகப் புகார் கொடுப்பவருக்கு அடுத்த கல்லூரியில் வேலை கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். அங்கும் தனியார் கல்லூரிகள் அடிபட்டன. இல்லினாய் மாநிலத்தில் 1846இல் தொடங்கிய மெக்மரி கல்லூரி 2020 மே மாதத்தோடு மூடியது. ஆனால் மார்ச் இறுதியில் நிறைவேறிய கேர்ஸ் சட்டம் உயர்கல்விக்கு ஏறத்தாழ 1,400 கோடி டாலர் ஒதுக்கியது. கல்லூரிகளுக்கு நேராகப் போன பங்கில் குறைந்தது பாதி மாணவர்களின் அவசர உதவிக்கே தரப்பட வேண்டும் என்பது நிபந்தனை. சிறிய நிறுவனங்களுக்கான சம்பளப் பாதுகாப்புக் கடனில், லாபநோக்கற்ற சிறு கல்லூரிகளும் சேரலாம். பணத்தின் பெரும்பகுதியைச் சம்பளமாகக் கொடுத்ததைக் காட்டினால் கடன் தள்ளுபடி. உதவி, சம்பளப் பட்டியலோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இந்தியாவில் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் வரம்புக்குள் அறக்கட்டளைகளும் வந்தன. ஏற்கனவே உள்ள நிலுவைக் கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். அதாவது அதிகக் கடன் வாங்கியவருக்கு அதிகம். அதைச் சம்பளத்துக்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நூறு பேருக்குள் ஊழியர் இருந்து, அவர்களில் 90 சதவீதம் பேர் 15,000க்குக் கீழ் சம்பளம் வாங்கினால் வருங்கால வைப்புநிதிப் பங்கை மத்திய அரசு 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கட்டியது. அதற்குமேல் ஆசிரியரை நோக்கி நேராக எதுவும் வரவில்லை.

2021இல் காற்று திசை மாறியது. பிளஸ் டூ தேர்வு ரத்தாகி எழுதவேண்டிய எல்லோரும் தேர்ச்சி பெற்றதால் கலை அறிவியல் கல்லூரிகளின் வாசலில் கூட்டம் நின்றது. ஐடி நிறுவனங்கள் ஆளெடுப்பை அள்ளிக்கொண்டு நடத்த, கணினி சார்ந்த பிரிவுகள் நிரம்பின. நாட்டின் மொத்த உயர்கல்விச் சேர்க்கையும் 2019–20இல் 3.85 கோடியாக இருந்தது 2020–21இல் 4.14 கோடி ஆனது. மாணவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நெருக்கடி நடந்ததாகவே தெரியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்து, அவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று மு.க. ஸ்டாலின் அறிவித்ததும் பல கல்லூரிகளுக்குக் கைகொடுத்தது.

வேறொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை, ஆதிதிராவிட மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. மத்திய–மாநிலப் பங்கு 60:40. மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும். உதவித்தொகை மாணவரின் உரிமை. அது அவர் கைக்குப் போவதே முறை. ஆனால் கூலிவேலை நின்றுபோயிருந்த ஒரு வீட்டில், கணக்கில் ஏறிய பணம் மளிகைக் கடனுக்கும் மருத்துவத்துக்கும் முதலில் போகும் என்பதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது. இத்தகைய மாணவர்களை அதிகம் சேர்த்த கிராமப்புறக் கல்லூரிகளில் பாக்கி அதிகமானது. சில நிர்வாகங்கள் அந்த மாணவர்களைச் சேர்க்கவே தயங்கத் தொடங்கின. பணப்புழக்கச் சிக்கல் ஒன்று சமூகநீதிச் சிக்கலாக உருமாறுவது இப்படித்தான். இதற்குக் கல்லூரியைத் திட்டினால் மட்டும் போதாது, தொகை உரிய மாதத்தில் மாணவர் கணக்கில் ஏற வேண்டும்.

நிரம்பியவை எல்லாம் ஒரே பக்கத்தில் நிரம்பின. நகரத்தை ஒட்டிய, பெயர்பெற்ற, தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் கணினிப் பிரிவுகளை விரித்துக்கொண்டே போயின. சிவில், மெக்கானிக்கல் துறைகளில் ஆள் சேராத கல்லூரிகள் ‘படிப்படியான மூடல்’ என்ற வழிக்குப் போயின: முதலாண்டுக்குச் சேர்க்கை இல்லை, உள்ளே இருப்பவர்கள் முடிக்கும்வரை ஓடும். சில வளாகங்கள் பொறியியல் பலகையைக் கழற்றிவிட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளாயின. 2024–25 முதல் சேர்க்கை எண்ணிக்கைக்கான உச்சவரம்பையும் ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. தொற்று தொடங்கிவைத்த பிரிவினையை இது இன்னும் ஆழமாக்கும் என்றே நான் அஞ்சுகிறேன். மூடும் கல்லூரிகளில் 2020ஆம் ஆண்டு நிலுவைச் சம்பளத்தைக் கேட்க ஒரு அலுவலக அறைகூட மிஞ்சாது.

செய்யக்கூடிய காரியம் பெரிதல்ல. புதிதாகக் கல்லூரி தொடங்குபவர்களிடம் வைப்புத்தொகை கேட்கும் நடைமுறை ஏற்கனவே இருக்கிறது. அதை விரித்து, மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையை நிர்வாகமும் பல்கலைக்கழகமும் கூட்டாகக் கையெழுத்திடும் வைப்பாக வைத்திருப்பதை இணைப்பு அங்கீகாரத்தின் நிபந்தனையாக்கலாம். கட்டண நிர்ணயக் குழு கல்லூரியின் தணிக்கை செய்த கணக்கை வாங்கிப் பார்க்கிறது; ஆசிரியர் வங்கிக் கணக்குகளில் மாதாமாதம் ஏறிய சம்பளத்தின் பட்டியலையும் அதோடு கேட்டு, காட்டாத கல்லூரிக்குக் கட்டண உயர்வை மறுக்கலாம். முதல் பட்டதாரி சலுகைத் தொகையையும் உதவித்தொகையையும் பருவம் தொடங்கி அறுபது நாளுக்குள் விடுவிக்க அரசு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளலாம். கட்டடத்துக்கு விதி எழுதிய கைகளால் இதற்கும் ஒரு விதி எழுத முடியும்.